கடுமையான மலேரியா: குழந்தையிடம் ஒரு பாதை, பெரியவரிடம் இன்னொரு பாதை

"மலேரியா முற்றிப்போனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே மாதிரிதானே பாதிக்கும்? குழந்தை சீக்கிரம் துவண்டுவிடும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கிறதா?" இதுதான் கேள்வி.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கிருமி ஒன்றுதான், பரப்பும் கொசு ஒன்றுதான், மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோய் உடம்புக்குள் போகிற பாதை வேறு. குழந்தையிடம் அது மூளையையும் ரத்தத்தையும் ரத்தச் சர்க்கரையையும் பிடிக்கிறது; சில மணி நேரத்தில் பிழைக்குமா என்பது தெரிந்துவிடும். பெரியவரிடம் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகச் சாய்க்கிறது, நாள்கணக்கில் இழுக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல், ஒரு வயதினருக்குப் பொருந்திய சிகிச்சையை இன்னொரு வயதினருக்குக் கொடுத்து உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். காய்ச்சல் எவ்வளவு ஏறியது என்பதை வைத்துக் 'கடுமையான மலேரியா' என்று சொல்வதில்லை. 104 டிகிரி காய்ச்சலோடு வந்தாலும் பேசுகிறார், தண்ணீர் குடிக்கிறார், மாத்திரையை விழுங்குகிறார் என்றால் அது சாதாரண மலேரியாவாக இருக்கலாம். உடம்பு அவ்வளவாகச் சுடாமலே, எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் ஒருவர் கிடந்தால் அவருக்கு இருப்பது கடுமையான மலேரியாவாக இருக்கலாம். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்க வேண்டும். அதோடு நினைவு தப்புதல், 24 மணி நேரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வலிப்பு, தாங்கிப் பிடிக்காமல் உட்கார முடியாத தளர்ச்சி, மூச்சுத் திணறல், ரத்தச் சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல், கடும் ரத்தசோகை, சிறுநீரகம் கெடுதல், ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலை போன்றவற்றில் ஒன்றாவது இருந்தால் கடுமையான மலேரியா என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகை. வைவாக்ஸ், நோலசி என்ற வேறு வகைகளும்கூடச் சிலரை இந்த நிலைக்குக் கொண்டுபோகும்.

இந்த அளவுகோலிலேயே வயது நுழைந்துவிடுகிறது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 5 கிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கடும் ரத்தசோகை என்கிறார்கள். பெரியவருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கினாலே அந்தப் பெயர் வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஃபால்சிபாரம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஏறத்தாழ 48 மணி நேரம் வளர்கிறது. முதல் பாதியில் அந்த அணு மற்ற அணுக்களைப் போலவே ரத்தத்தில் சுற்றி வரும். பிற்பாதியில் அதன் மேற்பரப்பில் நுண்ணிய புடைப்புகள் தோன்றும். அவற்றில் பசை மாதிரியான ஒரு புரதத்தை ஒட்டுண்ணி கொண்டுவந்து நிறுத்தும். அதன் உதவியால் அந்த அணு நுண் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரல் வடிகட்டி அழித்துவிடும். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. இதனால் மூளை, குடல், சிறுநீரகம், நுரையீரல் என்று எங்கும் நுண் குழாய்கள் அடைபடுகின்றன. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் கொஞ்சம்தான் ஒட்டுண்ணி தெரிகிறது என்று நிம்மதி அடைய முடியாததும் இதனால்தான். பெரும்பகுதி உள்ளுறுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்; கண்ணாடித் தகட்டுக்கு வராது.

இதுவரை குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே கதைதான். இதற்கு அப்புறம்தான் பாதை பிரிகிறது.

முதலில் தெரிவது வேகம். பெரியவர் பெரும்பாலும் ஐந்து நாள், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிறகே கடுமையான நிலைக்குப் போகிறார். குழந்தைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். காலையில் லேசான காய்ச்சலோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ராத்திரி நினைவில்லாமல் கிடப்பது இந்த நோயில் அபூர்வம் இல்லை. அதனால் 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்ற முடிவு பெரியவருக்கே ஆபத்தானது. குழந்தைக்கு அந்த ஒரு நாள்தான் மொத்த அவகாசமே.

மூளை மலேரியா, அதாவது மலேரியா மூளையைத் தாக்கிக் கோமாவில் தள்ளும் நிலை, குழந்தைகளில் வலிப்போடுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. பெரியவர்களில் வலிப்பு சிலருக்கே வரும். அவர்கள் முதலில் குழம்புவார்கள், உளறுவார்கள், படிப்படியாக மயக்கத்துக்குள் போவார்கள். குழந்தை வலிப்பு வந்து அப்படியே கோமாவுக்குள் விழுந்துவிடும். இங்கே ஒரு குழப்பம் வரும். எந்தக் காய்ச்சலிலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். வந்த பிறகு கொஞ்ச நேரம் மந்தமாகவும் இருக்கலாம். வலிப்பு நின்று ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் நினைவு திரும்பவில்லை என்றால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. கென்யாவின் கிலிஃபியில் கோமாவில் இருந்த குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிந்து பார்த்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கண் ஒரு பக்கம் சொருகுவது, உதட்டோரம் துடிப்பது, எச்சில் வழிவது, மூச்சு ஒழுங்கு தப்புவது, இவ்வளவுதான் வெளியே தெரிந்த அடையாளம்.

நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்று அளப்பதற்கே குழந்தைக்குத் தனி அளவுகோல் தேவைப்பட்டது. பெரியவர்களுக்கான கிளாஸ்கோ அளவுகோலில் 'இன்று என்ன கிழமை' என்பது மாதிரியான கேள்விக்கு வரும் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. பேசவே கற்காத குழந்தையிடம் அதை எப்படிக் கேட்பது? மலாவியின் பிளான்டயரில் வேலை செய்த மால்கம் மாலினோவும் டெரி டெய்லரும் 1980களில் ஓர் எளிய அளவுகோலை உருவாக்கினார்கள். அம்மாவின் முகத்தைக் கண் தொடர்கிறதா, வலித்தால் அழுகை எப்படி இருக்கிறது, வலிக்கிற இடத்துக்குக் கை போகிறதா என்பதை மட்டும் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண். 2 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு செவிலியர் அரை நிமிடத்தில் செய்து முடிக்கலாம். மலேரியா மருத்துவத்தில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

கோமாவில் இருக்கும் குழந்தை எதனால் இறக்கிறது என்பது நீண்ட காலம் தெளிவாகவில்லை. டெய்லரின் குழு பிளான்டயரிலேயே எம்ஆர்ஐ கருவியை வைத்து ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டது. இறந்த குழந்தைகளில் 84 சதவீதத்தினருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கே அப்படி இருந்தது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்கினால் அதற்குப் போக இடமில்லை. கீழ்நோக்கி அழுத்தும்போது மூச்சை நடத்தும் மையம் நசுங்குகிறது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடுகிறது. பிழைத்த குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. அதாவது அந்த ஓரிரு நாளைக் கடத்திவிட்டால் போதும்.

பெரியவர்களில் படம் வேறு. ஒடிசாவின் ரூர்கேலாவில் மூளை மலேரியா நோயாளிகளை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வுகளில், இறந்த பெரியவர்களிடம் மூளை முழுதும் வீங்கி அழுந்திய தோற்றம் இல்லை. ஆக்சிஜன் போதாமல் மூளையின் உட்பகுதிகள் கெட்டிருந்தன. பெரியவரின் கோமா சராசரியாக இரண்டு முதல் நான்கு நாள் நீடிக்கும். குழந்தையின் கோமா பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும்.

வலிப்பு இவ்வளவு கெடுதல் என்றால், வருவதற்கு முன்பே மருந்து போட்டு நிறுத்திவிட்டால் என்ன? நியாயமான யோசனையாகத்தான் தெரிந்தது. தாய்லாந்தில் பெரியவர்களுக்குப் பினோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்தை ஒரு ஊசி போட்டுப் பார்த்ததில் வலிப்பு குறைந்தது. அதைக் கிலிஃபியில் மூளை மலேரியா வந்த 340 குழந்தைகளிடம் கூடுதல் அளவில் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் மருந்து பெற்ற குழந்தைகளில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 8 சதவீதம். மருந்து மூச்சை அடக்கியிருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத இடத்தில் அதற்கு மாற்று இல்லை. ஆகவே இப்போது வலிப்பு வந்தால் உடனே நிறுத்துகிறார்கள். வராதபோது முன்கூட்டியே இந்த மருந்தைப் போடுவதில்லை. இந்தச் சோதனையை நடத்தியவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் நடத்தினார்கள். முடிவை மறைக்காமல் வெளியிட்டதால் எத்தனையோ குழந்தைகள் பிறகு பிழைத்தார்கள். ஆனாலும் அந்த எண்களைப் படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

அடுத்தது ரத்தசோகை. மிகவும் சின்னக் குழந்தைகளைக் கொல்வது கோமாவைவிட இதுதான். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு வெடித்து அழிவது பாதிக் கதையே. புகாத நல்ல அணுக்களையும் மண்ணீரல் கூட்டம் கூட்டமாக எடுத்து அழித்துவிடுகிறது. அதே சமயம் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்குவதில் பின்தங்கிவிடுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 800 மில்லி ரத்தம்தான். போதாததற்கு, மலேரியா அதிகமுள்ள பகுதிகளில் ஒரு காய்ச்சலிலிருந்து தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் குடற்புழுவும் சேர்ந்திருக்கும். உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்துப்போய், மூச்சிரைத்துக்கொண்டு வரும் அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவது உடனடியாக நடக்க வேண்டும். நாளைக்கு ஏற்பாடு செய்யலாம் என்று தள்ள முடியாது. பெரியவருக்கும் ரத்தம் குறையும். ஆனால் அதுவே அவரைக் கொல்வது குறைவு.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெவின் மார்ஷும் அவரோடு பணியாற்றியவர்களும் கிலிஃபி மருத்துவமனையில் மலேரியாவோடு சேர்க்கப்பட்ட 1,844 குழந்தைகளைக் கவனித்து 1995இல் எழுதினார்கள். நினைவு மங்குதல், மூச்சுச் சிரமம் என்ற இரண்டே அறிகுறிகள் இறந்த குழந்தைகளில் 84 சதவீதத்தினரை முன்பே அடையாளம் காட்டின. இதற்காக எந்தப் பரிசோதனைக்கூடமும் தேவைப்படவில்லை.

இந்த மூச்சுச் சிரமம் பல சமயம் நிமோனியா மாதிரித் தோன்றும், இருமல்கூட இருக்கும். ஆனால் நுரையீரலில் பெரிய கோளாறு இருக்காது. நுண் குழாய்கள் அடைபட்டு ஆக்சிஜன் போய்ச் சேராத திசுக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஒட்டுண்ணியும் தன் பங்குக்கு உண்டாக்குகிறது. ரத்தத்தில் அமிலம் கூடியதும் அதைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள உடம்பு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடத் தொடங்குகிறது. நெஞ்சு முழுவதும் ஏறி இறங்கும் அந்த மூச்சை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெரியவருக்கும் அமிலம் கூடும். ஆனால் அவரிடம் அதில் சிறுநீரகக் கோளாறின் பங்கும் பெரிதாக இருக்கும். அவருக்கு மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

அமிலம் கூடிய, கைகால் குளிர்ந்த குழந்தைக்கு வேகமாக நிறைய சலைன் ஏற்றுவது நல்லதுதானே என்று உலகமே நினைத்தது. உகாண்டா, கென்யா, டான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் அதைப் புரட்டிப்போட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா இருந்தது. ரத்த அழுத்தம் மிகவும் விழுந்துவிடாத நிலையில் வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியதில், 48 மணி நேரத்தில் சுமார் 10.6 சதவீதம் பேர் இறந்தார்கள். மெதுவாகப் பராமரிப்பு அளவில் மட்டும் கொடுத்த குழுவில் 7.3 சதவீதம். இந்த விஷயத்தில் குழந்தைக்கும் பெரியவருக்கும் பாடம் ஒன்றாக முடிகிறது: கடுமையான மலேரியாவில் திரவத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. பெரியவருக்கு அது நேராக நுரையீரலில் போய்த் தேங்கும்.

ரத்தச் சர்க்கரை குறைவது குழந்தைகளில் மிகச் சாதாரணம். கல்லீரலில் இருப்பு வைத்திருக்கும் சர்க்கரை அவர்களுக்குக் குறைவு. மூளை எடுத்துக்கொள்ளும் பங்கு அதிகம். காய்ச்சலில் சாப்பிட்டும் இருக்கமாட்டார்கள். நினைவில்லாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவு. பார்க்க வழியில்லை என்றால் குறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு குளூக்கோஸ் கொடுத்துவிட வேண்டும். ஒரு தடவை சரியானால் போதாது, மறுபடியும் இறங்கும். பெரியவர்களில் இது குறைவு. ஆனால் கர்ப்பிணிகள் விதிவிலக்கு. அவர்களுக்குப் பழைய மலேரியா மருந்தான குயினைன் கொடுக்கும்போது அது இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையைப் படுபாதாளத்துக்கு இறக்கிவிடும்.

இனி பெரியவர் பக்கம். கண்ணும் தோலும் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, கறுத்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போவதுதான் பெரியவரின் வழக்கமான படம். மஞ்சள் காமாலை மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கூடவே சிறுநீரகமும் படுத்துவிட்டால் நிலைமை மோசம். டயாலிசிஸ் கிடைக்கிறதா என்பதே பல பெரியவர்களின் உயிரைத் தீர்மானிக்கிறது. கிடைத்து அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் சிறுநீரகம் பெரும்பாலும் பழையபடி தேறிவிடும். குழந்தைக்குச் சிறுநீரகம் கெடுவது அபூர்வம் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். அதை இப்போது அப்படியே ஏற்க முடியாது. கிரியாட்டினின் 3 மில்லிகிராமைத் தாண்டினால்தான் கணக்கு என்று பெரியவரின் அளவுகோலை வைத்துப் பார்த்ததால் பல குழந்தைகள் கண்ணில் படாமல் போனார்கள். குழந்தையின் இயல்பான அளவே அதில் ஒரு சிறு பங்குதான். அதிலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்க்கத் தொடங்கிய பிறகு கணிசமான குழந்தைகளிடம் சிறுநீரகப் பாதிப்பு தெரிய வந்திருக்கிறது.

பெரியவரிடம் நான் மிகவும் அஞ்சுவது நுரையீரலைத்தான். மருந்து வேலை செய்கிறது, ஒட்டுண்ணி குறைந்துவிட்டது, நோயாளி கண் விழித்துப் பேசுகிறார், வீட்டார் மூச்சு விடுகிறார்கள்; அந்த மூன்றாம் நான்காம் நாளில் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். குழந்தைகளில் இது மிகக் குறைவு. குழந்தை முதல் நாளைத் தாண்டினால் பெரும்பாலும் தேறிவிடும். பெரியவர் விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைய முடியாது.

இந்த வித்தியாசங்களுக்கு வயது காரணமா, முன்பு மலேரியா வந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி காரணமா? இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். மலேரியா ஆண்டு முழுதும் பரவும் ஆப்பிரிக்கப் பகுதிகளில், பிறந்த முதல் சில மாதங்களுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஓரளவு காப்பாற்றும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைதான் ஆபத்துக் காலம். அதிலும் கடும் ரத்தசோகை இளம் வயதிலும், மூளை மலேரியா கொஞ்சம் பெரிய குழந்தைகளிடமும் கூடுதல். அதைத் தாண்டியவர்களுக்கு நோய் வந்தாலும் முற்றுவது குறைவு. அங்கே பெரியவர்கள் கடுமையான மலேரியாவோடு வருவது குறைவாக இருப்பது இதனால்தான். ஆனால் இது அம்மை மாதிரி ஒரு தடவை வந்தால் ஆயுளுக்கும் நிற்கும் பாதுகாப்பு இல்லை. ஊரை விட்டுப்போய்ச் சில வருடம் கழித்துத் திரும்புபவருக்குப் பழைய காப்பு தேய்ந்திருக்கும். முதல் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும் வகை ஒட்டுண்ணிக்கு எதிராக எதுவுமே இருக்காது.

மலேரியா குறைவாகப் பரவும் ஆசியப் பகுதிகளில் எந்த வயதினருக்கும் எதிர்ப்புச் சக்தி அதிகம் இல்லை. அங்கே ஒரே ஆய்வில் எல்லா வயதினரையும் ஒப்பிட்டு, ஆர்யென் டோண்டார்ப்பும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2008இல் வெளியிட்டது இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை. வயது ஏற ஏற ரத்தசோகையும் வலிப்பும் குறைந்தன. மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் கூடின. கோமாவும் அமிலமும் வயதோடு மாறவில்லை. இறப்பு, பத்து வயதுக்குட்பட்டவர்களில் 6.1 சதவீதம்; ஐம்பதைத் தாண்டியவர்களில் 36.5 சதவீதம். எதிர்ப்புச் சக்தியின் பங்கு குறைவாக உள்ள இடத்திலும் நோயின் முகம் இப்படி மாறுகிறது என்றால் அது உடம்பின் வயதால் வருவது.

இதைப் படித்ததும், அப்படியானால் குழந்தைக்கு ஆபத்து குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடுமையான நிலையோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த ஒருவர் பிழைப்பாரா என்பது ஒரு கேள்வி. மொத்தத்தில் யார் அதிகம் இறக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர். அவர்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தினர். அங்கு இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பலர் மருத்துவமனையை எட்டவே இல்லை.

நோயை உறுதிசெய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத பெரியவர் கோமாவில் கிடந்து ரத்தத்தில் ஃபால்சிபாரமும் இருந்தால், காரணம் மலேரியா என்று பெருமளவு நம்பலாம். மலேரியா அதிகமுள்ள ஊரில் ஓடி விளையாடும் குழந்தையின் ரத்தத்திலேயே ஒட்டுண்ணி இருக்கும். அதனால் கோமாவுக்குக் காரணம் வேறாக இருந்தும் மலேரியா மீது பழி விழலாம். பிளான்டயரில் மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளை உடற்கூறாய்வு செய்ததில் 7 பேர் வேறு காரணத்தால் இறந்திருந்தார்கள். உயிரோடிருக்கும்போதே இதைப் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம் விழித்திரையில் தெரிந்த மாற்றங்கள்: வெண்திட்டு, நிறம் மாறிய ரத்தக்குழாய், ரத்தக் கசிவு. ரத்தத்தில் பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருப்பது குழந்தைகளில் அதிகம் என்பதால், மலேரியா அதிகமுள்ள பகுதிகளில் அவர்களுக்கு மலேரியா மருந்தோடு ஆண்டிபயாட்டிக்கும் தொடக்கத்திலேயே கொடுக்கிறார்கள். பெரியவருக்கு அப்படித் தானாகக் கொடுப்பதில்லை. தொற்றின் அடையாளம் இருந்தால் கொடுக்கிறார்கள்.

மருந்து இருவருக்கும் ஆர்ட்டிசுனேட் ஊசிதான். ஆசியாவில் பெரும்பாலும் பெரியவர்கள் இருந்த ஆய்வில், குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். அது வெளிவந்தது 2005இல். குழந்தைக்கும் அதே பலன் இருக்குமா என்று சும்மா நம்பாமல், ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் தனியாகச் சோதித்தார்கள். 2010இல் வந்த முடிவு: 10.9 சதவீதம் 8.5 ஆகக் குறைந்தது. அளவில் மட்டும் வித்தியாசம் உண்டு. 20 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அதற்கு மேல் எல்லோருக்கும் 2.4 மில்லிகிராம். சின்ன உடம்பில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக நிற்கிறது என்பதால் இந்தக் கூடுதல். முதல் நாளில் மூன்று ஊசி; வாயால் மாத்திரை எடுக்க முடிந்த பிறகு மூன்று நாள் கூட்டு மருந்து முழுசாக. ஊசி கிடைக்கும் இடம் தூரமாக இருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் ஆர்ட்டிசுனேட் ஒரு தடவை கொடுத்துவிட்டு உடனே அனுப்பலாம். வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தால் பயனில்லை. அது பயணத்துக்கான அவகாசம் மட்டுமே தருகிறது.

பிழைத்த பிறகும் இருவருக்கும் கவனிக்க வேண்டியவை வேறு. மூளை மலேரியாவிலிருந்து எழுந்த பெரியவர் பெரும்பாலும் பழைய ஆளாகவே எழுகிறார். குழந்தைகளில் பத்தில் ஒருவருக்காவது வீடு திரும்பும்போதே ஏதாவது குறை தெரியும்: ஒரு பக்கம் கைகால் வராமை, தடுமாறும் நடை, பார்வை மங்கல், பேச்சு போதல். பல குழந்தைகளுக்கு இவை சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் வெளியே தெரியாத குறை தங்கிவிடலாம். உகாண்டாவில் இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, மூளை மலேரியா வந்த குழந்தைகளில் நால்வரில் ஒருவருக்குக் கவனம், நினைவாற்றல் போன்றவற்றில் பின்னடைவு இருந்தது. சிலருக்குப் பிற்பாடு கால்கை வலிப்பு வருகிறது. 'நல்லாத்தான் இருந்தான், இப்போது படிப்பு ஏறவில்லை, சொன்னால் கேட்பதில்லை' என்று ஒரு குழந்தை அடி வாங்கும்போது, அவன் ஒரு காலத்தில் இரண்டு நாள் கோமாவில் கிடந்தவன் என்பது வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் நினைவிருக்காது. கடும் ரத்தசோகையோடு வந்து வீடு திரும்பிய குழந்தைக்கு அடுத்த சில மாதங்களும் ஆபத்துக் காலம்தான். அந்த மாதங்களில் மறுபடி மலேரியா வராமலிருக்க மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

பெரியவர், அதிலும் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பயணம் போய் நோயோடு திரும்பியவர், ரத்தத்தை மறக்கக் கூடாது. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டு ஒட்டுண்ணி முழுதும் போன பிறகும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் திடீரென்று அழிந்து ஹீமோகுளோபின் இறங்கலாம். தொடக்கத்தில் ஒட்டுண்ணி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வாய்ப்பு. நான்கு வாரம் வரை வாரம் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும். சிறுநீர் கறுத்தாலோ, படி ஏற மூச்சு வாங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். அதோடு ஒரு மாதம் கழித்து அழைத்துப்போய் நடை, பேச்சு, பார்வை, காது நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் வயது என்றால் என்ன நோயிலிருந்து எழுந்து வந்திருக்கிறது என்பதை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.